ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல

நீங்களே சொல்லுங்க சார். புருஷன் ஏறுன படகு தன்ன உட்டுட்டுக் கெளம்புது. அத ஒரு பொம்பள கண்ணால பாக்குறா. என்னா செய்வா? கத்துவாளா மாட்டாளா? பொடவையத் தூக்கிச் சொருவிக்கிட்டு, "ஐயோ நிறுத்துங்க நிறுத்துங்க"ன்னு தண்ணியில எறங்கி ஓடியாருவாளா மாட்டாளா? ஒரு குரல் குடுக்கல சார் எம் பொண்டாட்டி. ஒரே ஒரு குரல்.

நண்டுத்திட்டுக்குத்தானே போறீங்க? டோக்கன் வாங்கிட்டீங்கல்ல? அப்ப உக்காருங்க. படகு இப்பத்தான் அக்கரைக்குப் போயிருக்கு, திரும்பி வர நேரமாவும். இப்பிடி நகந்து உக்காருங்க, அங்க செத்த நேரத்துல வெயிலு வந்துடும். ஏம்ப்பா, அந்த ஐஸ் பொட்டிய வழியில வைக்காத, ஆளுங்க ஏறி எறங்க வேணாமா? பாருங்க, சொன்னாத்தான் எடுக்குறான். சொல்லலன்னா சாயங்காலம் வரைக்கும் அங்கியே கெடக்கும். ஒரு எடத்துல சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும் சார்.

எம் பேரு கலியபெருமாள். பண்ருட்டி. கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து போன வருஷம் ரிட்டையர்டு. பண்ருட்டி கடலூரு, கடலூரு பண்ருட்டி, அதுதான் எம் பொழப்பு. எத்தினி லட்சம் சனத்த ஏத்தி எறக்கியிருப்பேன், ஒருத்தர வழியில உட்டதா பேரு கெடையாது. கைக்கொழந்தைய சீட்டுல வச்சிட்டு எறங்குன மகராசிக்கே, ஓடிப்போயிக் கொழந்தையக் கையில குடுத்தவன் நானு. அப்பேர்ப்பட்ட ஆளு, கட்டுன பொண்டாட்டிய ஒரு மணல் திட்டுல உட்டுட்டு வந்துட்டான்னு ஊரே சிரிக்குது. நான் உட்டுட்டு வரல சார். அவதான் வரல. அந்த வித்தியாசம் எவனுக்கும் புரிய மாட்டேங்குது.

முழுசா சொல்லிடறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

எம் பொண்டாட்டி பேரு தையல்நாயகி. தையுன்னு கூப்புடுவேன். செஞ்சிப் பக்கம், பாறையும் பொட்டக்காடும் இருக்குற ஊரு. அவங்க ஊருல ஏரி நெறஞ்சாலே திருவிழா. கல்யாணம் ஆன புதுசுலயே கேட்டா, "கடலூருக்குத்தானே தெனம் போறீங்க, ஒருநா கூட்டிக்கிட்டுப் போயி கடலக் காட்டுங்களேன்"ன்னு. கடலு எங்க போயிடப் போவுதுன்னேன். சரிதானே? எங்கியும் போயிடல, அங்கியேதான் இருக்குது. நமக்குத்தான் நேரமில்ல. பஸ் ஸ்டாண்டுக்குள்ள வண்டி நொழஞ்சா டீ குடிக்கக்கூட நேரமிருக்காது, அதுக்குள்ள கெளம்பணும். இதுல கடலு எங்க, கால நனைக்கிறது எங்க.

ஒருக்கா எம் வண்டியில ஏறிட்டா சார். சொல்லாம கொள்ளாம, பண்ருட்டி ஸ்டாண்டுல வந்து ஏறி நிக்குறா. எனக்குக் கோவம். செக்கர் ஏறினான்னா என்னா நெனைப்பான், கண்டக்டரு குடும்பத்த ஓசியில இழுத்துக்கிட்டு வரான்னு நெனைக்க மாட்டான்? எல்லாருக்கும் கிழிக்கிற மாதிரி அவளுக்கும் ஒரு டிக்கெட்டக் கிழிச்சிக் கையில குடுத்து, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத"ன்னேன். வேத்தாளுகிட்ட எப்பிடிப் பேசுவேனோ அப்பிடியே. நெல்லிக்குப்பத்துலயே எறங்கிட்டா. அதுக்கப்புறம் அவ எம் வண்டியில ஏறல. நேர்மைன்னா அதான் சார், வீட்டாளு வெளியாளுன்னு பாக்கக் கூடாது.

இப்ப ரிட்டையர்டு ஆயி வீட்டோட இருக்கேனா, எம் பொண்ணு பூங்கோதை பெங்களூருலேருந்து போன் மேல போன். "அப்பா, அம்மாவ எங்கியாவது கூட்டிக்கிட்டுப் போங்கப்பா, கூட்டிக்கிட்டுப் போங்கப்பா." எங்க போவணும்டின்னு தையுவக் கேட்டேன். திருப்பதியா, வேளாங்கண்ணியான்னு கேட்டேன். அவ அடுப்படியிலேருந்தே, "கடல்ல கால நனைக்கணும்"ங்குறா. அதே பாட்டு. மறக்கவே இல்ல சார் அவ.

சரின்னு விசாரிச்சேன். சும்மா கடக்கரைன்னா கூட்டம், குப்ப. இந்த நண்டுத்திட்டுன்னா படகுல போவலாம், சவுக்கு நெழலு இருக்கு, அந்தப் பக்கம் முழுக்கக் கடலு, சுத்தமா இருக்கும்னாங்க. ஒரு ஞாயித்துக்கெழம கெளம்பிட்டோம். எலுமிச்ச சாதம், உருளக்கெழங்கு வறுவல், ஒரு பாயி, மாத்துப் பொடவ, எல்லாம் அவதான் எடுத்து வச்சா. நான் நேரத்தப் போட்டேன். எத்தினி மணி பஸ்ஸு, எந்தப் படகுல போறது, எப்ப சாப்புடறது, எந்தப் படகுல திரும்புறது, அத்தினியும். நேரம் போடாம வீட்ட உட்டுக் கெளம்புறவன் மனுசனா சார்?

படகுல ஏறுனதும் பாத்தேன், ஒரு ஒழுங்கு கெடையாது. எல்லாம் ஒரே பக்கமா உக்காந்து செல்பி எடுத்துக்கிட்டிருக்குதுங்க. படகு சாயுது. நான் எழுந்திரிச்சி, "யம்மா நீங்க இந்தப் பக்கம் வாங்க, தம்பி நீ உள்ள தள்ளி உக்காரு, கொழந்தைய நடுவுல வையிங்க"ன்னு செட் பண்ணேன். படகு ஓட்டுறவன் பேரு தேசிங்கு. நல்ல பையன், பல்லக் காட்டிக்கிட்டே, "கண்டக்டரா நீங்க?"ன்னான். பாத்தியா தையு, மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிட்டான்னேன். அவ கேக்கல. கைய வெளிய உட்டுத் தண்ணியத் தொட்டுக்கிட்டிருந்தா. கைய உள்ள எடு, கைய உள்ள எடுன்னு சொன்னேன், எடுத்துட்டா.

திட்டுல எறங்கி, சவுக்குத் தோப்பத் தாண்டுனா கடலு. நின்னுட்டா சார். பைய கீழ வச்சிட்டு நின்னவதான். நான் பாயப் போட்டு, செருப்புங்கள ஒரு ஓரமா வச்சிட்டு, "போ, போயி கால நனைச்சிட்டு வா, சாப்புடணும்"ன்னேன். போனா. நனைச்சா. கூப்புட்டேன், வந்தா. சாப்ட்டோம். மறுபடியும் போறேன்னா. "இப்பத்தான பாத்த, அதே அலதான் திரும்பத் திரும்ப வருது, புதுசா ஒண்ணும் வராது"ன்னேன். அந்த நேரத்துப் படகு உட்டா அடுத்த படகுல கூட்டம் சாஸ்தியாயிடும், அதுக்குத்தான். "கொஞ்சம் இருந்துட்டுப் போலாமே"ன்னா. ஒரே ஒரு தடவதான் சொன்னா. அழுத்திச் சொல்லியிருந்தா நான் என்னா கல்லா?

"நான் முன்னாடி போயி எடம் புடிக்கிறேன், நீ பாய மடக்கிக்கிட்டு வா"ன்னு பையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

வந்து பாத்தா படகுகிட்ட அடிதடி. கரையில ஆளுங்கள ஏத்துறதுக்குன்னு ஒருத்தன் இருப்பானாம், அன்னிக்கி அவன் வரல. இருவது பேருக்கு மேல ஏத்தக் கூடாது, முப்பது பேரு முட்டுறாங்க. தேசிங்கு இஞ்சினுகிட்ட நின்னுக்கிட்டுத் தவிக்கிறான். பாத்துக்கிட்டு சும்மா நிக்க முடியுமா சார்? ஏறிட்டேன். பலகையில ஒரு கால், படகுல ஒரு கால். "ஒவ்வொருத்தரா வாங்க, உள்ள போ, உள்ள போ"ன்னு ஏத்துனேன். எண்ணுனேன். இப்ப கவனிங்க சார், இதுதான் எடம். கண்டக்டரு எண்ணுறப்ப தன்னையும் டிரைவரையும் எண்ண மாட்டான். ஸ்டாப்பு, அதாவது வண்டி ஆளுங்க, கணக்குல வராது. நான் ஸ்டாப்பா நின்னு எண்ணுறேன். தையு என்னோட ஆளு, அவளும் அந்தக் கணக்குலயே போயிட்டா. இருவது தல இருந்திச்சி. சரியா இருந்திச்சி. பலகைய உள்ள இழுத்தேன். சாவிக் கொத்துல எம் பழைய விசிலு எப்பவும் தொங்கும், கை அதுவா எடுத்துச்சி, டபுள் விசில் குடுத்தேன். தேசிங்கு பாவம், பஸ்ஸுல போயி வந்து பழகுனவந்தானே, எடுத்துட்டான்.

கணக்குல தப்பு இருக்கா? நீங்களே சொல்லுங்க. தப்பே இல்ல.

பாதித் தூரம் வந்திருப்போம். கத்திக் கத்தித் தொண்ட காஞ்சி போச்சி. "தண்ணி குடு"ன்னு கைய நீட்டுனேன். நீட்டுன கை நீட்டுனபடியே இருக்கு. பாட்டிலு வரல. எங்க இருந்தாலும், கைய நீட்டுனா தண்ணி வந்துடும் சார் எனக்கு. திரும்பிப் பாக்குறேன், பக்கத்துல எவனோ ஒரு பையன் நிக்கிறான்.

திட்டப் பாத்தா, கரையில அவ உக்காந்திருக்கா. மடிச்ச பாயப் பக்கத்துல வச்சிக்கிட்டு, கால நீட்டிக்கிட்டு, இந்தப் படகத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் சிங்கிள் விசில் அடிக்கிறேன், நிறுத்து நிறுத்துன்னு. தேசிங்கு, "மொகத்துவாரம் கண்டக்டரே, ஆறு கடல்ல சேர்ற எடம், தண்ணி இழுக்குது, இங்க திருப்புனா கவுந்துடும், எறக்கி உட்டுட்டு வந்து கூட்டியாறேன்"ங்கிறான். நான் எழுந்து நின்னு கைய ஆட்டுனேன். ரெண்டு கையையும் ஆட்டுனேன். அவ என்னா செஞ்சா தெரியுமா? அவளும் ஒரு கையத் தூக்கி ஆட்டுறா. டாட்டா காட்டுறா சார்! படகுல இருந்த இருவது பேரும் பாத்தாங்க. ஒரு பொண்ணு திரும்ப டாட்டா காட்டுது.

சிரிக்கிறீங்க. சிரிங்க. அன்னிக்கி அவ போனு எங்கிட்ட, பை எங்கிட்ட, காசு எங்கிட்ட. இந்தா, இதே பெஞ்சுலதான் கெடந்து தவிச்சேன். தேசிங்கு டீசல் ஊத்தணும்ங்கிறான், சாப்புடணும்ங்கிறான். அக்கரையில கட கண்ணி போட்டிருக்கறவங்களுக்குப் போனு போட்டு பாத்துக்கச் சொல்றேன்னான். நல்ல பையந்தான். "என்னா கலரு பொடவ கட்டியிருக்காங்க?"ன்னு கேட்டான்.

தெரியல சார்.

யோசிச்சிப் பாக்குறேன், வரமாட்டேங்குது. செவப்பான்னா செவப்பு மாதிரியும் இருக்கு, நீலம்னா நீலம் மாதிரியும் இருக்கு. ஒரு வண்டி ஆளுங்கள்ல எவன் டிக்கெட்டு எடுக்கலன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லுவேன். ஆனா பொடவ? யாரு சார் வீட்டுப் பொம்பள பொடவையப் பாத்துக்கிட்டு இருக்கறது? உங்க வீட்டம்மா இன்னிக்கி என்னா கட்டியிருக்காங்க, சொல்லுங்க பாப்பம். ஆங், முழிக்கிறீங்க பாத்தீங்களா.

அந்த வறுத்த மீனு விக்கிற அம்மா இருக்குல்ல, அதோ, அது சொல்லுது, "ஓடிட மாட்டாங்க, செவனேன்னு உக்காருங்க, சுத்தித் தண்ணிதான்"ன்னு. எனக்கு வந்த ஆத்தரத்துக்கு, அவ எதுக்கு ஓடணும்னு கத்திட்டேன். ஆனா சார், உங்ககிட்ட சொல்றதுக்கு என்னா, பயமாத்தான் இருந்திச்சி. அவ இல்லாம ஒரு வேளகூட இருந்ததில்ல நானு. அதாவது, நான் வேலைக்குப் போயிட்டு ராத்திரி வந்தா அவ இருப்பா. எப்ப வந்தாலும் இருப்பா. நான் போவேன், அவ இருப்பா. இப்ப நான் இங்க இருக்கேன், அவ அங்க இருக்கா. அது என்னமோ மாதிரி இருந்திச்சி.

அடுத்த படகுல தொத்திக்கிட்டுப் போனேன். உக்காந்த எடத்துல அவ இல்ல. பாயி மட்டும் கெடக்கு. தையு, தையுன்னு கத்திக்கிட்டே தோப்பத் தாண்டிக் கடலுப் பக்கம் மணல்ல ஓடுறேன். அங்க தண்ணியில நாலஞ்சி பொண்ணுங்க, காலேஜ் பொண்ணுங்க, கை கோத்துக்கிட்டு நின்னு, அல வர்றப்ப எல்லாம் ஓன்னு கத்திக்கிட்டு எகிறுதுங்க. அதுங்களுக்கு நடுவுல ஒரு பொம்பள. தல முடியெல்லாம் அவுந்து, மொழங்காலுக்கு மேல பொடவ நனஞ்சி, அப்பிடிச் சிரிக்கிறா. யாரு பெத்த பொண்ணோ இந்த வயசுல இப்பிடி ஆடுதேன்னு நெனச்சிக்கிட்டே தாண்டிப் போயிட்டேன் சார். தாண்டிப் போயி, அப்புறம் நின்னு, திரும்பிப் பாக்குறேன்.

அந்தச் சிரிப்ப நான் கேட்டதில்ல. எங்க வீட்டுல அந்தச் சத்தம் வந்ததே இல்ல.

என்னப் பாத்தா. சிரிப்பு நின்னு போச்சி. முடிய முடிஞ்சிக்கிட்டே கரைக்கு வந்தா. அழுவா, திட்டுவா, உட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு கேப்பான்னு பாத்தா, "சாப்ட்டீங்களா?"ங்குறா. நான்தான் கேட்டேன். "ஏண்டி, படகு போறதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

அவ பொடவத் தலப்பப் புழிஞ்சிக்கிட்டே சொல்றா, "குடுத்திருந்தா வந்திருப்பீங்களே."

இது ஒரு பதிலா சார்? வரணும்னுதானே குரல் குடுக்கறது! வராத ஆளுக்கு எவனாவது குரல் குடுப்பானா? நானும் இத்தினி நாளா பொரட்டிப் பொரட்டிப் பாக்குறேன், புரியல. எம் பொண்ணுகிட்ட போன்ல சொன்னேன். அவ, "அம்மாகிட்ட போனக் குடுங்கப்பா"ன்னுட்டா. ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுனாங்க. சிரிச்சாங்க. என்னான்னு எங்கிட்ட சொல்லல.

அடுத்த ஞாயித்துக்கெழம விடிஞ்சும் விடியாம எழுப்புறா. பை ரெடி. "கெளம்புங்க, நண்டுத்திட்டுக்குப் போலாம்." எனக்கும் சந்தோசந்தான். இந்தத் தடவ உடக் கூடாதுன்னு பக்கத்துலயே நின்னேன் சார். கையக் கெட்டியா புடிச்சிக்கிட்டேன். அல பெருசா வருது பின்னாடி வா, அங்க பள்ளம், இங்க சிப்பி குத்தும், வெயிலு ஏறுது தலையில துண்டப் போடுன்னு கண்ண மூடாம பாத்துக்கிட்டேன். ஒரு புருஷன் இதுக்கு மேல என்னா செய்யணும்? வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு பேசல. சோறு போட்டா, தண்ணி வச்சா, பேச்சு மட்டும் இல்ல.

இன்னிக்கி மறுபடியும் வந்தோம். இங்க, இந்த வரிசையில நிக்கிறோம். நான் ரெண்டு டோக்கனுக்குக் கைய நீட்டுறேன், அவ எங் கையப் புடிச்சி எறக்கிட்டு, அந்த ஆளுகிட்ட "ஒண்ணு குடுங்க"ங்குறா. "நீங்க இங்கியே இருங்க, கடசிப் படகுல வந்துடறேன்"ங்குறா. கோவமா சொல்லல சார், சாதாரணமாத்தான் சொன்னா. கடத்தெருவுக்குப் போயிட்டு வரேன்ங்கிற மாதிரி. "நான் இங்க ஒத்தையில என்னா செய்யறது?"ன்னேன். "யாராச்சும் வருவாங்க, பேசிக்கிட்டு இருங்க"ன்னா. நீங்க வந்தீங்க.

ஏறிட்டா. ஏறி உக்காந்து, அவளே லைப் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டா. நான் சொல்லல, மாட்டிக்கிட்டா. கைய வெளிய உட்டுத் தண்ணியத் தொட்டுக்கிட்டே போனா. சொல்லணும்னு வாயி வரைக்கும் வந்திச்சி, சொல்லல.

அவ அங்க தனியா என்னா சார் செய்வா? அதான் எனக்குத் தெரிஞ்சாவணும். பேசுறதுக்கு ஆளில்ல, சமைக்க ஒண்ணுமில்ல, எனக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கற வேலையுமில்ல. உக்காந்து என்னாத்த நெனைப்பா?

அதோ பாருங்க, உங்க படகு வந்திடுச்சி. பாத்து, பலகை வழுக்கும். என்னாது, நானா? ஒரு எடம் காலியாத்தான் இருக்கா? இருக்கு, நானும் பாத்தேன். வேணாம் சார். கடசிப் படகுல வரேன்னு சொல்லியிருக்கா, வந்துடுவா. சொன்னா வந்துடுவா அவ. நான் இப்ப போயி நின்னா… வேணாம், நீங்க போங்க. பையக் கொண்டாங்க, நான் தூக்கிக் குடுக்கறேன்.

சார், ஒரு ஒதவி. அங்க அவளப் பாத்தீங்கன்னா, பேச்சுக் குடுக்க வேணாம். நான் கேட்டேன்னு சொல்லவே வேணாம். அடையாளமெல்லாம் தேவையில்ல, ஒத்தையா உக்காந்திருக்கற பொம்பள அவ ஒருத்தியாத்தான் இருப்பா. எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. இந்தக் கரையப் பாத்தா, கடலப் பாத்தா?

கடலப் பாத்துத்தான்னா, அதையும் சொல்லிடுங்க சார். பரவால்ல.